முந்நூறு ஓம்

யூனிட்டி பிளாசா, இரண்டாம் மாடி.
இஃப்லால் மூன்று பெட்டிகளைத் திறந்து வைத்தான்.
கடைசியைத் தொட்டு,
"இது முந்நூறு ஓம். அம்ப் இல்லாட்டி ஏலாது" என்றான்.

ஓம் என்றேன்.
பழக்கதோஷம்.
நாளுக்கு எட்டு மணித்தியாலம், ராஜகிரியவில்,
பஞ்சு தேய்ந்த ஒற்றைக்காதுக் கருவியோடு
ஓம் சேர், ஓம் மிஸ், விளங்குது, பார்க்கிறம் என்று
யாருடையதோ இணைப்பு அறுந்ததற்கு
மன்னிப்புக் கேட்கிறவள் நான்.
மற்றக் காதுக்கென்று இதுவரை
ஒருவரும் ஒன்றும் வாங்கித் தந்ததில்லை.

முதலாவது
நெஞ்சை இடித்தது,
நூறாம் நம்பர் பஸ்ஸில் ஸ்பீக்கருக்குக் கீழே
சீட் கிடைத்ததுபோல. கழற்றினேன்.

இரண்டாவது இறுக மூடியது.
கடை போய்விட்டது. இஃப்லாலின் வாய் மட்டும் அசைந்தது.
நான் எச்சில் விழுங்குவது எனக்கே கேட்டது.

மூன்றாவதற்கு முதுகில் கம்பிவலை.
"வெளிச்சத்தம் உள்ள வரும். உங்கட பாட்டு
பக்கத்து ஆளுக்கும் போகும். பஸ்ஸுக்குச் சரிவராது, மிஸ்."
சொல்லிக்கொண்டே தன் அம்ப்பில் செருகினான்.

போனில் ஒரு கோவில் பதிவு இருந்தது,
யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பியது.
நூறு தரம் கேட்ட நாதஸ்வரம்.
நூற்றியோராம் தரம்
தவிலுக்குச் சற்றுப் பின்னால், வலப்பக்கம்,
ஒருத்தர் செருமினார்.
எங்கேயோ ஒரு காப்பு இன்னொன்றில் பட்டது.
வாசிப்பவர் மூச்சு எடுத்த அந்த இடைவெளியில்
மண்டபம் எவ்வளவு அகலம் என்று தெரிந்தது.

விலை, ஒன்றரை மாத அறை வாடகை.
அம்ப்புக்கு அடுத்த போனஸ் வரவேண்டும்.
காட்டை நீட்டினேன். கை கொஞ்சம் நடுங்கியது,
அதை எழுதாமல் விடலாம்.

இரவு, வெள்ளவத்தை.
சத்தம் போதவில்லை. அவன் சொன்னது சரிதான்.
முழுக்கக் கூட்டியும் நாதஸ்வரம்
அடுத்த ஒழுங்கையில் வாசிப்பதுபோல.
கம்பிவலையூடாகக் காலி வீதி ஹோர்ன்,
பிறகு பாணந்துறைப் பக்கம் போகிற ரயில்,
தனி ஆவர்த்தனத்துக்கு நடுவில், தாளம் தப்பி.

"என்னடி, கலியாண வீடோ?"
மற்றக் கட்டிலில் இருந்து துஷ்யந்தி.
கழற்றி அவள் தலையில் வைத்தேன்.
ஏதோ விளக்க வாயெடுத்தேன்.
பொறு என்று கையை உயர்த்தினாள்.

செருமல் வருகிற இடம் எனக்குத் தெரியும்.
அவள் முகத்தையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.