மூன்றாம் எண்

போன குளிருக்கு ஐந்தில் இருந்தது.
மின்வாரிய அட்டையில் கிறுக்கியிருந்த தொகையை
இரண்டு தடவை பார்த்தேன்.
வங்கிக் கவுண்டரில் பகலெல்லாம்
பிறர் பணம் எண்ணுகிற கண். பிழையில்லை.
ஐநூறைத் தாண்டி அறுபத்திரண்டு யூனிட்.
அந்த அறுபத்திரண்டு
முன்னால் போனவற்றையும் விலையேற்றிவிட்டது,
ஒருவன் கோபித்து எழுந்தால்
வரிசையே எழுந்துவிடும் கல்யாணப் பந்தி போல.

மாற்றலாகிப் போன மேலாளர்
இரண்டாயிரத்துக்குத் தள்ளிவிட்ட ஆயில் ஹீட்டர்.
பதினொரு விலா எலும்பு, ஒரு திருகு.
திருகைச் சுற்றி ஒன்று முதல் ஆறு.
எந்த எண் எத்தனை டிகிரி என்று
அவருக்கும் தெரியாது.

கார்த்திகையில் நான்குக்கு இறக்கினேன்.
மூக்கு மட்டும் மூன்று நாள் முணுமுணுத்தது.
மார்கழி பிறந்ததும் மூன்று.
மிருதுளா கண்டுபிடித்துவிட்டாள்:
"அம்மா, பென்சில் ஜில்லுனு இருக்கு."
இன்னொரு சாக்ஸ் போட்டுக்கோ.
"பென்சிலுக்கா?"

கதவிடுக்கில் பழைய சுங்குடியைத் திணித்தேன்.
வெந்நீர் ஊற்றிய ஹார்லிக்ஸ் பாட்டில்
கம்பளிக் காலுறைக்குள் நுழைந்து
இவர் படுக்கும் பக்கம் படுத்துக்கொண்டது.

இவர்
இருபது கொண்டையூசி வளைவுக்குக் கீழே,
சூரமங்கலத்தில்.
போனில் ஃபேன் இரைகிறது.
"கொசுவுக்காக மூணுல வெச்சிருக்கேன்."
இங்கேயும் மூணுதான் என்றேன்.
இரண்டு மீட்டர். ஒரே வீட்டுக்கடன்.

டிக்.
தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது ஹீட்டர்.
பிறகு இரும்பு ஆறும் சத்தம்,
விலா விலாவாய்ச் சொடக்கு எடுப்பதுபோல.
ஏற்காட்டுப் பனி ஜன்னலில் முகம் பதித்துப் பார்க்கிறது.
அடுத்த டிக்குக்கு விழித்திருப்பேன்.
ஐந்தில் இருந்தபோது
ஒருமுறை புரண்டு படுக்கும் நேரம்தான் இந்த இடைவெளி.
மூன்றில்
பால் கணக்கு, வேன் கணக்கு போட்டு
கழித்துத் திரும்பக் கூட்டி
கொலுசை மீட்கும் தேதிவரை
நடந்து போய் வந்துவிடலாம்.

ரீடிங் எடுக்க ஒரு நாள் இருக்கையில்
டார்ச் அடித்து மீட்டரைப் பார்த்தேன்.
நானூற்று எண்பத்தாறு.

அன்று சனிக்கிழமை.
ஸ்வெட்டரை மறந்துவிட்டு
கடைசி பஸ்ஸில் வந்து இறங்கியவர்
பல் தந்தியடிக்க நேரே ஹீட்டரிடம் போய்
யாரையும் கேட்காமல் ஆறுக்குத் திருப்பினார்.

வாயைத் திறந்தேன்.
பதினாலு யூனிட் இருந்தது.
மூடிக்கொண்டேன்.

மிருதுளா பென்சிலை எடுத்துக்
கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.