புள்ளிக்குக் கூலி இல்லை

ஒலிவ மரம் ஒன்றுகூட இல்லாத எங்கள் ஊரை
ஸைத்தூன் என்கிறார்கள்.
முள்முருங்கைக்கு நாங்கள் சொல்லும் பெயர்
அவர்கள் காதில் ஒலிவமாக விழுந்ததாம்.
கப்பலில் வந்து, மிளகு விற்று,
சிலர் இங்கேயே செத்தும் போகிறார்கள்.
என் அடுப்பு எரிவது அதில்தான்.

தேர்வுக்குப் படித்தவன் நான்.
மங்கோலியர் வந்து தேர்வையே மூடினார்கள்.
தூரிகை பிடித்த விரலில் இப்போது உளி.
வலமிருந்து இடம் ஓடும் எழுத்தைப்
படிக்கத் தெரியாமலே வெட்டுகிறேன்,
அலை விட்டுப்போன மணல்வரியைப்
பார்த்து வரைவதுபோல்.

முஹ்ரிஸின் மகள் லுபாபா காகிதத்தோடு வந்தாள்.
தாய் எங்கள் தெருக்காரி;
மகள் இரண்டு மொழியிலும் பேரம் பேசுவாள்.

உங்கள் பாட்டு எதில் பிறந்தது, என்றாள்.
நெருப்பில், என்றேன்.
ஆமையோட்டைச் சுட்டு
வெடிப்பிடம் கேட்டார்கள்: மழை வருமா,
அரசி பிழைப்பாளா.
பதிலைக் குறித்துவைக்கத் தொடங்கிய கை
பிறகு நிற்கவே இல்லை.
மூங்கில் சீவி, கயிறு கோத்து,
வண்டி வண்டியாக.

சிரித்தாள். எங்களுக்கு ஏது வண்டி?
ஒட்டக நடைதான் சந்தம்.
நேற்றுக் கூடாரம் இருந்த இடத்தில்
சாம்பல், மூன்று அடுப்புக்கல்.
அங்கே நின்று தொடங்குவான் ஒருவன்.
இன்னொருவன் அதை நெஞ்சில் சுமப்பான்.
சுமப்பவனுக்குக் காய்ச்சல் என்றால்
குலமே நடுங்கும்.

எங்களுக்குக் கயிறு, என்றேன்.
கயிறு மக்கிக் கீற்றுகள் கலைந்தால்
எது முன், எது பின்?
அதிலேயே நரைத்த தலைகள் உண்டு.
மணியாட்டிக்கொண்டு அரசாங்க ஆட்கள்
வயல் வயலாகப் பாட்டுப் பொறுக்கினார்கள் என்பார்கள்.

எங்களவரும்தான், என்றாள்.
பஸ்ராவின் பண்டிதர்கள் ஒரே ஒரு சொல்லுக்காகப்
பாலைக்குப் போய்
ஆட்டுக்காரன் வாயைப் பார்த்துக் கிடந்தார்கள்.

கொஞ்ச நேரம் உளிச்சத்தம் மட்டும்.

மூன்றாம் நாள் கல்லைப் பார்த்தவள் முகம் மாறியது.
'புறப்பட்டான்' என்று எழுதித் தந்தேன்.
'மனிதன்' என்று வெட்டியிருக்கிறீர்.
ஒரு புள்ளி அதிகம்.

காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தோம்.
புள்ளி இருந்தது.
மைத்துளி. அல்லது ஈ.

ஆதியில் எங்கள் எழுத்துக்குப் புள்ளியே இல்லை, என்றாள்.
பாட்டை அறிந்தவர்கள்தானே படித்தார்கள்.
அறியாதவர்கள் வரத்தொடங்கிய பிறகே
வைக்க வேண்டியதாயிற்று.
சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.
கல்தூசைத் தட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

சுண்ணாம்பு வைத்து அடைக்கலாம்,
ஒரு மழைக்குத் தாங்கும்.
அவள் விரலால் அந்தக் குழியைத் தடவினாள்.
துறையில் யாரோ நங்கூரம் இழுக்கும் சத்தம்.

இருக்கட்டும், என்றாள்.
புறப்பட்டதுதான் எல்லாருக்கும் தெரியுமே.

பிறகு உட்கார்ந்து எழுத்தெழுத்தாக எண்ணிக்
கூலி தந்தாள்.
ஒரு காசு குறைந்தது.
கேட்டேன்.
புள்ளிக்குக் கூலி இல்லை, என்றாள்.