சுழல்வது மட்டும்

குத்தாயிசி நகரம், ரியோனி ஆற்றங்கரை, நான்காம் மாடி.
மின்தூக்கிக்குக் காசு போட வேண்டும்.
சில்லறை இல்லை. ஏறினேன்.
கதவு திறக்குமுன்பே உள்ளிருந்து மல்காஸ்:
"மூச்சிரைக்கிறது. கணினிக்காரப் பெண்தானே?"

நீதிமன்ற ஒலிப்பதிவுகளைக் கேட்டுத்
தட்டச்சு செய்கிறவர்.
பார்வை ஏழு வயதில் போனது என்பதை
வீட்டு எண் சொல்வதுபோல் சொன்னார்.
அறையில் விளக்கு எரியவில்லை.
எனக்காகப் போடச் சொல்ல வெட்கமாக இருந்தது.
மடிக்கணினியின் பொத்தானை அழுத்தினார்.
"ஒன்பது நிமிடம். உட்காருங்கள்."

மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்;
இவர் கேட்டுக்கொண்டிருந்தார்.
முதலில் ஓர் இழுப்பு. வட்டு வேகமெடுக்கிறது.
பிறகு அக்ரூட் ஓட்டை எலி கொறிப்பது.
"இது விண்டோஸ்."
நடுவில் நீண்ட இடைவெளி.
"இங்கேதான் போய்க் காப்பி வைப்பேன்."
மறுபடி கொறிப்பு, இரண்டு சொடுக்கு,
அப்புறம்தான் திரைவாசிப்பானின் குரல்
தூக்கக் கலக்கத்தில் "கமர்ஜோபா" என்றது.
அந்தச் சொடுக்கு எனக்குப் பிடிக்கவில்லை.
சொடுக்குகிற வட்டு, நாள் எண்ணுகிற வட்டு.

துவக்கப் பட்டியலைத் திறந்தேன்.
பதினொரு பேர் வாசலில் முண்டிக்கொண்டு.
எப்போதோ விற்றுவிட்ட அச்சுப்பொறியின் உதவியாளன்,
இவருக்குத் தினம் ஒரு சுவர்ப்படம் மாற்றுகிற ஒருவன்,
ஒருவரையொருவர் திருடன் என்று நம்பும்
இரண்டு வைரஸ் காவலர்கள்,
இன்னும் யார் யாரோ.
நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை.
எல்லோரையும் உட்காரவைத்தேன்.
ஒன்பது, ஆறானது.
"ஆறு நிமிடம் எதற்கும் ஆகாது" என்றார்.
"காப்பிக்குக் குறைவு, காத்திருக்க அதிகம்."

பையில் எஸ்எஸ்டி இருந்தது, சீட்டுக்கட்டைவிட இலேசு.
அவர் உள்ளங்கையில் வைத்தேன்.
குலுக்கினார். காதோரம் கொண்டுபோனார்.
"உள்ளே ஏதாவது இருக்கிறதா?"

கேபிளை மாட்டி நகலெடுக்க விட்டேன்.
மூன்று மணி நேரம்.
தொண்ணூற்று நான்கில் நின்றுவிட்டது.
ஒரே ஒரு கோப்பு, படிக்க வராமல்.
இரண்டாயிரத்துப் பதினொன்று, வேலித் தகராறு, மூன்றாம் சாட்சி.
பெயரைப் படித்ததும் சிரித்தார்:
"அந்த ஆள் வாயே திறக்கவில்லை.
பதினேழு நிமிடம்! 'மௌனம்' என்று ஒரு சொல் அடித்துக்
கூலி வாங்கினேன். விட்டுத் தள்ளுங்கள்."
தாண்டிப் போகச் சொன்னேன். போனது.

திருகாணிகளைச் சோடா மூடியில் போட்டுவைத்து,
பழையதை உருவி, புதியதைச் செருகி, மூடினேன்.
அவரே அழுத்தினார்.
அழுத்திவிட்டு வழக்கம்போல் நாற்காலிக்குத் திரும்பினார்.
உடம்பு நாற்காலியைத் தொடவில்லை,
"கமர்ஜோபா."
தூக்கிவாரிப் போட்டது அவருக்கு.
பதினான்கு வினாடி.

அணைத்தார். மறுபடி போட்டார்.
"இப்போது ஓடுகிறதா?"
"ஓடுகிறது."
"இப்போது?"
"நிறுத்திவிட்டீர்கள்."
ஜனவரிக் குளிரில் விசிறிகூட எழுந்திருக்கவில்லை.
காய்ச்சல் பார்ப்பதுபோல் மூடிமேல் கைவைத்தார்.
"வேகம் சரி.
இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லையே."

ஓசை போனதற்கு யாரும் என்னிடம்
குறை சொன்னதில்லை.
பழைய வட்டை அழித்துத் துடைத்து
ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு
யுஎஸ்பியில் செருகினேன். உறுமியது.
கணினி விழித்தால் உறுமும், அணைந்தால் அடங்கும்.
"இதில் எதையும் வைக்காதீர்கள். நம்பக் கூடாது."
"பிறகு எதற்கு?"
"சுழல."
ரசீதில் அந்த வரிக்கு நேரே ஒரு கோடு போட்டேன்.

மார்ச்சில் கூப்பிட்டார்.
நேற்று நான்கு சொடுக்கு, அதோடு சரி.
வேறொன்று கிடைக்குமா,
சத்தம் கொஞ்சம் பெரிதாக?

கடை மேசைக்கடியில் ஒரு பெட்டி நிறைய
செத்ததும் சாகப்போவதும்.
மூடியபின் ஒவ்வொன்றாய்ச் செருகிப் பார்த்தேன்.
ஐந்தாவதில் நல்ல கரகரப்பு.
விளக்கை அணைத்துவிட்டு
இன்னொரு முறை கேட்டேன்.