பதினேழாம் கூண்டு

எலிகளுக்கு நான் பெயர் வைப்பதில்லை.
வைத்தால் வியாழக்கிழமைகளில் கை நடுங்கும்.
எண்கள் போதும்.
மரத்தூள் மாற்றுவது, தண்ணீர்க் குப்பி நிரப்புவது,
அல்மாத்தி ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் மாடியில்
இந்தச் சபீராவின் வேலை இவ்வளவுதான்.

மேலே மலைச்சரிவில்
யாரும் நடாத ஆப்பிள் மரங்கள்.
கரடி தின்று கழித்த விதையில் முளைத்தவை.
ஒரு மரத்தில் தேன்,
அடுத்த மரத்தில் கடித்தால் இரவெல்லாம் பல் கூசும்.
டாக்டர் குன்சுலு கனியைத் தொடுவதில்லை.
காற்றில் சாய்ந்த மரமாகத் தேடி
வேரின் பட்டையை உரித்து வருகிறாள்.
உலர்த்தி, இடித்து, சாராயத்தில் ஊறவைத்து,
வடித்து, மறுபடி வடித்து,
ஒரு மூட்டைப் பட்டைக்கு
நகக்கண்ணளவு வெள்ளைப் பொடி.
திருட்டுத்தனமாய் நாக்கில் வைத்தேன்.
முதலில் கசப்பு.
பிறகு, கோபம் ஆறியவரின் பேச்சுபோல்
மெல்ல ஓர் இனிப்பு.

நோயில்லாத எலி பதினேழு.
ஊசி போட்ட மூன்றாம் நாள்
தூளெல்லாம் சேறு.
பழி என்மேல் விழுமென்று
இருமுறை மாற்றினேன், வாய் திறக்கவில்லை.
குப்பைப் பைகளைப் பின்வாசலில் வைத்தேன்.
மாலையில் சுவரோரம் ஒரு கறுப்புக் கோடு.
எறும்புகள்.
பன்னிரண்டு பைகள் இருக்க
அந்த ஒன்றுக்கு மட்டும்.

அடிவயிறு கலங்கியது.
நீரிழிவு என்ற சொல்லுக்குள்ளேயே நீர் இழிகிறது.
நல்ல எலிக்கு நோய் கொடுத்துவிட்டோமே என்று
மாடிப்படி மூச்சிரைக்க ஓடினேன்.

குன்சுலு சிரித்தாள்.
"ரத்தத்தைப் பார், ஏறவில்லை.
சிறுநீரகம் ஒரு கஞ்சன்.
கீழே சிந்தும் சர்க்கரையைப் பொறுக்கி
மறுபடி மடியில் முடிந்துகொள்ளும்.
இந்தப் பொடி அவன் கையைப் பிடித்துக்கொள்கிறது,
அவ்வளவுதான்.
பழைய கதை இது. இதன் சாயலில் செய்த மாத்திரைகள்
மருந்துக்கடையிலேயே இருக்கின்றன.
கொழுப்பையும் கரைக்க இந்தக் காட்டுப் பட்டையில்
வேறேதும் உண்டா, அதைத்தான் தேடுகிறேன்."
நோட்டில் எழுதினாள்:
எறும்புகள், பின்வாசல், மாலை ஐந்து மணி.
என் பெயரையும்.

ஜீப் ஓட்டும் தோலகென் கதவருகே நின்றிருந்தான்.
பாதிதான் கேட்டிருக்கிறான்.
பாதி கேட்பவன்தான் முழுதாக நம்புகிறான்.

அவனுக்குச் சர்க்கரை, எங்கள் கணக்கில், பதின்மூன்று.
ஏழு தாண்டினாலே வைவார்கள்.
கொழுப்பைப் பற்றிக் கேட்டால்
குதிரை இறைச்சியை மெல்லும் வாயோடு
"என் அப்பனும் தின்றான்" என்பான்.
வீட்டுப் பின்புறத்து ஆப்பிள் மரத்தடியில் தோண்டினான்.
வேர்ப் பட்டையைச் சுற்றிச் சுற்றி உரித்தான்.
நாற்பது நாள் கஷாயம்,
கூடவே எண்ணெயில் பொரித்த பவுர்சாக், ஜாம் கலந்த தேநீர்.

நாற்பத்தோராம் நாளும் பதின்மூன்று.

"குடித்தால் குடலே அதை உடைத்துவிடும் தோலகென்,
சிறுநீரகம்வரை போய்ச் சேராது.
அதனால்தான் எலிக்கே ஊசி."
"முன்னமே சொல்லக் கூடாதா?"
"நீ கேட்டாயா?"

ஏப்ரலில் ஊரெல்லாம் பூத்தது.
அவன் மரம் மட்டும்
பதில் வராத கடிதம்போல் நின்றது.
மே மாதம் வெட்டினான்.
அடிவேரைச் சாக்கில் கட்டித் தோளில் சுமந்து
மூன்று மாடி ஏறிவந்து
மேசைமேல் வைத்தான். மண் உதிர்ந்தது.
குன்சுலு திட்டவில்லை.
மாதிரி எண் நாற்பத்தொன்று, தோலகென் வீட்டு மரம்
என்று சீட்டு ஒட்டினாள்.
பிறகு அவன் விரலை இழுத்துக் குத்தி
ஒரு சொட்டு எடுத்தாள்.
மாத்திரைச் சீட்டைச் சட்டைப் பையில் திணித்தாள்.

வியாழக்கிழமை வந்தது.
பதினேழாம் கூண்டைக் கழுவிக் கவிழ்த்தேன்.
கடைசிப் பையின் வாயை
அன்று கட்டவில்லை.
பின்வாசலில் திறந்தே வைத்துவிட்டு
பேருந்துக்கு நடந்தேன்.