பதினோராம் மாடியில் பச்சை

பிடோக்கில் கடல் தெரிகிற பிளாக்.
கொண்டோலாவில் தொங்கியபடி
ரோலரை நனைத்துக்கொண்டிருந்தேன்.
குடியிருப்போர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்த பச்சை,
எண் நாலாயிரத்து எழுபத்திரண்டு.

சன்னல் கம்பிக்குப் பின்னால் ஃபிடெல்மா, அயர்லாந்துக்காரி.
தோளில் ஒன்பது நாள் பிள்ளை.
இன்றைக்கு மட்டும் இந்தச் சுவர் வேண்டாமே, நெடி, என்றாள்.
சரி என்று விசையைத் தட்டினால்
மோட்டார் செத்துக் கிடந்தது.

இருபது நிமிடம். போக இடமில்லை.
வாளியை எட்டிப் பார்த்து,
எங்கள் மொழியில் இது 'ஊவன்ய', என்றாள்,
டப்பாவில் வருகிற பச்சை.
முளைத்து வருவதற்கு வேறு சொல்: க்ளஸ்.
புல் க்ளஸ். சாம்பல் குதிரையும் க்ளஸ்.
கப்பல்களுக்கு அப்பால் மழை ஏறும் அந்தக் கடல்
பச்சையா சாம்பலா என்று கேட்காதே,
க்ளஸ்.
காயாக இருப்பதும், குளிர் குத்தும் காலையும்.
பெயராக எடுத்தால் பூட்டு
என்று கம்பிக்கதவுப் பூட்டை ஆட்டிக் காட்டினாள்.

நான் தமிழ் இலக்கியம் படித்தவன்.
வல்லினம் மிகும் இடங்களில் இரண்டு முறை அரியர் வைத்தவன்.
உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன்:
சுடவைக்காத தண்ணீர் எங்களுக்குப் பச்சை.
கூசாமல் சொன்ன பொய் பச்சை.
நீ பச்சை உடம்புக்காரி.
தோளில் இருப்பது பச்சைக்குழந்தை.

அது முன்னால் நிற்குமா, பின்னாலா?
முன்னால்.
எங்களுடையது பின்னால் வரும், என்றாள்,
யாருக்குப் பின்னால் என்று பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்கும்.
கண்ணுக்கு 'சூல்' என்றாள்.
திக்கென்றது. எங்கள் சூல் வேறு.
கண் அங்கே பெண்பால். அதனால்
க்ளஸ்ஸின் முதல் எழுத்து இளகிவிடும்.
சொல்லிக் காட்டினாள்:
'பகல்' என்கையில் நடுவே தேயுமே ஒரு க,
அந்தக் க, தொண்டைக்குள் இன்னும் கொஞ்சம் கரகரத்து.

பிள்ளை கண் திறந்தது.
நிறம் இன்னும் முடிவாகவில்லை.

பச்சைக்குழந்தை, பச்சைக்குழந்தை என்று
எனக்குள் சொல்லிப் பார்த்தேன்.
நம் அடைமொழி யாருக்காகவும் மாறாது.
பக்கத்தில் வருகிறவளை
ஒரு புள்ளி எழுத்து வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.
அங்கே அடைமொழியே குரலைத் தாழ்த்திக்கொள்கிறது.
எது அன்பு?
அரியர் எழுதியபோதும் இந்தக் கேள்வி வரவில்லை.

மோட்டார் உறுமியது. இறங்கினேன்.

சாயங்காலம் ஃபோர்மேன் முத்தழகு அண்ணாந்து,
பதினொண்ணுல ஏன்டா ஒரு சதுரம் வெள்ளையா நிக்குது? என்றார்.
அங்க இன்னும் பச்சைண்ணே, என்றேன்.
வெள்ளையைப் பார்த்தபடியே
'காயட்டும்' என்று எழுதிக்கொண்டார்.