கோப்பை சுற்றும் வரிசை

மோன்டிவீடியோவில் ஜூலை, கடுங்குளிர்.
மூன்றாம் மாடி ஜன்னலுக்கு வெளியே
ஆறென்றும் கடலென்றும் சொல்ல முடியாத
பழுப்புத் தண்ணீர்.
மேஜையில் முப்பத்தெட்டு ஆய்வு முன்மொழிவுகள்.
நிதி நான்கு பேருக்கு.

தலைமைப் பண்பும் ஊழியர் மனநிறைவும்
என்று மட்டும் பதினொன்று.
அதே கேள்வித்தாள், அதே ஐந்து கட்டங்கள்,
போன வருஷம் வங்கி இருந்த இடத்தில்
இந்த வருஷம் மருத்துவமனை.
அரைத்த மாவு.
நானும் அரைத்தவள்தான்,
பேராசிரியர் ஆனதே அந்த மாவில்தான்.

முப்பத்தொன்றாவதில் நில்தா எச்சேகோயென்
ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாள்:
இறைச்சி ஆலையின் காலைக் கூட்டத்தில்
மாத்தே கோப்பை யாரைத் தாண்டிப் போகிறது?

வேலைநீக்கக் கடிதம் வர
ஒன்பது நாள் முன்னதாகவே
குளிரறைக் கணக்கர் ஒருவரைத் தாண்டிப் போனதாம்.
அவர் நீட்டிய கையை
வெறுமே திருப்ப மனமில்லாமல்
தலைமுடியைக் கோதிக்கொண்டாராம்.

"கோட்பாடு எங்கே?" என்றார் வாஷிங்டன் ஒலிவேரா,
வெந்நீர்க் குடுவையை அக்குளில் இடுக்கியபடி.
"எதை வைத்து அளப்பாள்?" என்றேன் நான்.
பத்துக்கு மூன்று போட்டேன்.
போன மாதம் குழுவில் சேர்ந்த ஃபெர்மின் மட்டும்
"இதற்கு விடை எனக்குத் தெரியவில்லை,
மற்ற முப்பத்தேழுக்கும் தெரியும்" என்றான்.
யாரும் பதில் சொல்லவில்லை.

வாஷிங்டன் ஊற்றினார்.
கசப்பாக, சுடச்சுட உறிஞ்சித்
திருப்பிக் கொடுத்தேன்.
அடுத்தது ஃபெர்மின்.
கோப்பை இர்மாவிடம் போயிற்று.
மறுசுற்றிலும் இர்மாவிடம்.
வேண்டுமென்று இல்லை, சத்தியமாக இல்லை,
இலையை ஒதுக்குவதிலேயே இருந்தது அவர் கண்.
ஃபெர்மின் பேனா மூடியைத் திறந்தான், மூடினான்.

கூட்டக் குறிப்பேட்டில் இது ஏறாது.
இருபத்திரண்டு வருஷம் இதே மேஜையில்
எத்தனை பேரைத் தாண்டியிருக்குமோ,
எனக்கு வந்துகொண்டே இருந்ததால்
நான் எண்ணவில்லை.

மூன்றை அடித்துவிட்டு
எட்டு என்று எழுதினேன். கீழே:
கோட்பாடு இல்லை. போகிற வழியில் கிடைக்கலாம்,
கிடைக்காமலும் போகலாம். பணம் கொடுங்கள்.
ஆலையில் வேலை முடிந்ததும்
இந்த அறைக்கு வரச் சொல்லுங்கள்.

மூன்றாம் சுற்று என் கைக்கு வந்தது.
குடிக்காமல் ஃபெர்மின் பக்கம் நீட்டினேன்.
அது முறையில்லை;
ஊற்றியவர் கைக்கே திரும்ப வேண்டும் கோப்பை.
வாஷிங்டன் குடுவையைத் திருகி மூடினார்.
"தண்ணீர் ஆறிவிட்டது" என்றார்.

ஆறவில்லை.
அவர் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது.