ஒன்று குறைய

செவ்வாய்க்குப் பதிவு, வியாழனுக்கு மண்டபம் என்று
பீடம் தீர்மானித்து இது மூன்றாவது வாரம்.
வியாழன் காலை, கல்முனையில் ஆறு பத்து பஸ்.
மருதமுனையில் ஒரு பையன் ஏறி
எனக்கு முன் சீட்டில் இருந்தான்.
மழைக்கோட்டைக் கழற்றவில்லை.
போனை எடுத்தான். திரையில் நான்.

நானென்றால், மூலையில் ஒரு வட்டத்துக்குள்
பெருவிரல் நகமளவு நான்.
இயர்போன் அவன் காதில்; எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
ஆனாலும் அந்தக் குரலைத் தெரியும்:
இரவு பதினொன்றரைக்கு மின்விசிறியை நிறுத்தி,
யன்னலைச் சாத்தி,
நுளம்புக்குக் காலை ஆட்டியபடி பேசியது.

ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டிருந்தான்.
நியாயம்தான். இழுத்து இழுத்துப் பேசுகிறவள் நான்,
என் மகனும் அதைத்தான் சொல்வான்.

பெரியநீலாவணை தாண்ட
விரல் திரையைத் தொட்டது. பத்து வினாடி பின்னுக்கு.
இன்னொரு பத்து.
களுவாஞ்சிகுடியில் வேகத்தைக் குறைத்தான்.
களுதாவளையிலும் அதே சமன்பாடு.
தேற்றாத்தீவில் நான் எட்டிப் பார்த்தேன்.

நியம விலகல்.
எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து வகுக்கும் இடம்.
ஏன் அந்த ஒன்று?
நான் சொல்லியிருந்தது இரண்டே சொல்:
"இது தெரிந்ததே."
சொல்லிவிட்டு அடுத்த சிலைட்.

எனக்கே இரண்டாம் வருஷத்தில் தெரியாது.
பரீட்சைக்குப் பாடமாக்கினேன்,
மறுகா படிப்பிக்க வந்தேன்,
படிப்பித்துப் படிப்பித்துத்
தெரிந்த மாதிரி ஆகிவிட்டது.

மண்டபமென்றால் முகம் பார்த்து நின்றிருப்பேன்
என்று சொல்லலாம். பொய்.
பத்தொன்பது வருஷமாக அங்கும் அதே இரண்டு சொல்தான்,
பலகைக்கு முகத்தையும் பிள்ளைகளுக்கு முதுகையும் காட்டி.
இப்போது ஒரு பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் இருந்துதான்
அதைப் பார்க்கக் கிடைத்தது.

கணினி எனக்கு ஒவ்வொரு வாரமும் கணக்குக் காட்டும்:
பார்த்தவர் அறுபத்து மூன்று பேர்,
சராசரி பதினொரு நிமிடம்.
சராசரியை மட்டும் நம்பாதீர்கள் என்று படிப்பிக்கிறவள்
அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

ஆரையம்பதியில் ஐந்து பேர் ஏறினார்கள்.
"உள்ளுக்குப் போங்க, பின்னுக்கு இடம் கிடக்கு."
கிடந்தது சரியாக ஐந்து இடம்.
முதல் ஆள் யன்னலோரத்தைத் தெரிந்தெடுத்தார்.
அடுத்தவர் காற்றுக்கு. அதற்கடுத்தவர் வெயில் படாத பக்கம்.
நாலாவது ஆளும் இரண்டைப் பார்த்து ஒன்றில் இருந்தார்.
மீன் வாளியோடு கடைசியாக ஏறிய அம்மாவுக்கு
மிச்சம் கிடந்தது டயருக்கு மேல் இடம்,
கால் நீட்ட ஏலாது.
ஐந்து பேர். தெரிவு நாலு பேருக்கு.

கல்லடிப் பாலம் கடந்ததும் தெரியவில்லை எனக்கு.

பத்து மணி, வந்தாறுமூலை.
ஐந்து பிளாஸ்டிக் கதிரைகளை முன்னுக்கு இழுத்துப் போட்டு
ஐந்து பேரைக் கூப்பிட்டேன்.
கடைசியாக வந்த விதுர்ஷிகா
கதிரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்:
"மேடம், எனக்கு வேற வழியில்லையே."

அதைத்தான் பலகையில் எழுதினேன்.
சராசரியைப் பிடித்து வைத்துவிட்டால்
விலகல்களின் கூட்டுத்தொகை பூச்சியம்.
எல்லாம் இஷ்டத்துக்கு நிற்கலாம்,
கடைசி விலகலுக்கு மட்டும் வேறு வழியில்லை.
அதனால் அதை எண்ணுவதில்லை.

பின் வரிசையில் மழைக்கோட்டு.
இடாப்பில் முபீஸ்.
கையை உயர்த்தாமலே கேட்டான்:
"அப்ப மேடம், வீடியோவில சொன்னது பிழையா?"
"பிழையில்லை," என்றேன், "குறை."
பஸ்ஸைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இரவு மறுபடி பதிவு.
மின்விசிறியை நிறுத்த மறந்துபோனேன்.
பத்தொன்பதாம் நிமிடத்தில்
ஒரு கதிரையை இழுத்துக் கமராவுக்குப் பின்னால் வைத்து,
மகனின் புத்தகப்பையை அதில் இருத்தி,
அதற்கு விளங்கும்வரை சொன்னேன்.
நாற்பத்தொரு நிமிடம் வந்துவிட்டது.
பீடம் இருபதுக்கு மேல் கூடாதென்கிறது.